சிறிய பெட்டிக்குச் சிறிய பற்றறி போதும்

கிராம அபிவிருத்தி பற்றிப் பேசும் ஒரு சஞ்சிகையில் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்கும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளுக்கும் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் மன்னாரிலும் வவுனியாவிலும் அட்டனிலும் இருந்து வந்து, காலி வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் அறை எடுத்துத் தங்கிப் படிப்பவர்களும் வேலை செய்பவர்களும் எமது கிராமங்களின் பிள்ளைகளே. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியைச் சுற்றியுள்ள நெருக்கமான வீடுகளில், மத்திய கிழக்கில் உழைக்கும் தாயின் முகத்தை இரவில் ஒரு சிறிய திரையில் பார்த்துவிட்டே உறங்கும் குழந்தைகளும் உள்ளனர். இவர்கள் எல்லோரையும் வெளி உலகோடு இணைத்து வைத்திருப்பது மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் இணையப் பெட்டி, அதாவது றவுட்டர். கரண்ட் போனால் அதுவும் போய்விடுகிறது.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருளுக்கு வெளிநாட்டுப் பணம் இல்லாமல், மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை சென்றது. அதன் பின்னரும் 2023 டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் மீண்டும் நாடு இருண்டது. அன்று நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் இயந்திரங்களும் நின்றுபோனதால், அடுத்து வந்த நாட்களில் மின்வெட்டு வேறு. 1990களில் வடக்கில் டோர்ச் பற்றறிக்குக்கூடத் தடை இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு இவையெல்லாம் புதினமல்ல. புதினம் என்னவென்றால், அன்று செய்தி கேட்க முடியாமல் போனது. இன்று மின்சாரம் போனால் வீட்டிலிருந்து வேலை செய்யும் இளம்பெண்ணின் அன்றைய ஊதியமும், இணைய வழி வகுப்பில் இருக்கும் மாணவனின் பாடமும் சேர்ந்தே போகின்றன.

இந்த அச்சத்தை வியாபாரம் நன்கு அறிந்து வைத்திருக்கிறது. மின்வெட்டுக் காலங்களில் மக்கள் கடன்பட்டு இன்வேட்டரும் வாகனப் பற்றறியும் வாங்குகிறார்கள். வேறு சிலர் கணினிக்கான யூ.பி.எஸ். பெட்டியைத் தூக்கி வருகிறார்கள். றவுட்டர் ஒன்றுக்காக மட்டும் இவற்றை வாங்குவது வீண்செலவு என்பதே எனது உறுதியான கருத்து.

ஏன் என்று பார்ப்போம். றவுட்டருக்குத் தேவை சுவரிலுள்ள 230 வோல்ற் அல்ல. அதன் அடப்டரின் அடியில் உள்ள எழுத்தை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ற், 1 அல்லது 1.5 அம்பியர் என்று இருக்கும். 12 வோல்ற், 1 அம்பியர் என்றால் உச்சமாக 12 வாற். சாதாரணமாக அது இழுப்பது அதிலும் குறைவு. ஒரு சிறிய எல்.ஈ.டி. குமிழின் செலவுதான். யூ.பி.எஸ். என்ன செய்கிறது? தன்னுள் இருக்கும் 12 வோல்ற் பற்றறியின் மின்னை 230 வோல்ற்றாக உயர்த்துகிறது. அடப்டர் அதை மீண்டும் 12 வோல்ற்றாக இறக்குகிறது. இந்த ஏற்றத்திலும் இறக்கத்திலும் மின்னின் பெரும்பங்கு வெப்பமாக வீணாகிறது. மேலும் அந்தப் பெட்டி, கணினியைச் சேமித்து மூடுவதற்குச் சில நிமிடம் கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதிலுள்ள ஈய-அமிலப் பற்றறியை நாளுக்கு இருமுறை அடிவரை வற்றவிட்டால் சில மாதங்களில் செத்துவிடும். இரவில் அது எழுப்பும் கீச்சொலியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மாற்றாக, உள்ளங்கை அளவு லிதியம் பற்றறிப் பெட்டிகள் இருக்கின்றன. கடைகளில் மினி யூ.பி.எஸ். என்று கேட்டால் தருவார்கள். அடப்டருக்கும் றவுட்டருக்கும் நடுவில் இதை வைத்தால், மின்சாரம் போகும்போது றவுட்டர் அணையாமலே ஓடும். ஆனால் பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. 10,400 மில்லி அம்பியர் மணி என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு உள்ளே உள்ள கலங்களின் 3.7 வோல்ற்றில் போடப்பட்டது. 10.4ஐ 3.7ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 38 வாற்-மணி வரும். மாற்றத்தில் இழப்பதைக் கழித்தால் 32 அளவில் நிற்கும். உங்கள் றவுட்டர் 8 வாற் இழுக்கிறது என்று கொண்டால், 4 மணித்தியாலம். கடைக்காரர் “நாள் முழுக்க ஓடும்” என்று சொன்னால், வாற்-மணி எவ்வளவு என்று கேளுங்கள். எண் அச்சிடாத பெட்டியை வாங்காதீர்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. பற்றறி வற்றிய பின் மீண்டும் நிரம்ப எவ்வளவு நேரம்? பழைய 1 அம்பியர் அடப்டரையே இதற்கும் பாவித்தால், 12 வாற்றில் றவுட்டர் 8 வாற்றை எடுத்துவிடும். மீதமுள்ள 4 வாற்றில் 38 வாற்-மணி நிரம்புவதற்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். 2022இல் போல் காலையில் ஒரு வெட்டு, மாலையில் ஒரு வெட்டு என்றால் இரண்டாவது வெட்டுக்குப் பெட்டி வெறுமையாக நிற்கும். ஆகவே பெட்டி ஏற்குமாயின் 2 அம்பியர் அடப்டர் ஒன்றையும் சேர்த்து வாங்குவது நல்லது.

வோல்ற்றளவு பொருந்த வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பே கூடாது. இப்பெட்டிகளில் 5, 9, 12 என்று பல துவாரங்கள் இருக்கும். 9 வோல்ற் றவுட்டரை 12இல் செருகி எரித்துவிட்ட வீடொன்றை நான் அறிவேன். பெட்டி மலிவு, எரிந்தது விலையுயர்ந்தது. செருகியின் நடுமுனை நேரா, எதிரா என்பதையும் அடப்டரிலுள்ள சிறு படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பம்பலப்பிட்டியிலோ வாங்கப் போகிறவர்கள், தங்கள் அடப்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனால் வாதமே இராது.

உங்கள் பெட்டி உயிரோடிருந்தாலும் மறுமுனை உயிரோடு இருக்குமா? பைபர் எனப்படும் ஒளியிழை இணைப்பில், தொலைபேசி நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே பொதுவாக மின்சாரம் தேவைப்படும் கருவி இல்லை. நிலையத்தில் மின்பிறப்பாக்கி ஓடும்வரை இணைப்பு இருக்கும். செல்பேசிக் கோபுரத்தில் தங்கிய 4ஜி இணைப்பு அப்படியல்ல. கோபுரத்தின் பற்றறி சில மணித்தியாலங்களில் வற்றிவிடும், அதன்பின் டீசல் இருந்தால்தான் உண்டு. தொடர்மாடிகளில் இன்னொரு சிக்கல். கீழ்த்தளத்தில் அனைவருக்கும் பொதுவாக ஒரு இணையப் பெட்டி இருந்து, அதற்கு மின்பிறப்பாக்கி இணைப்பு இல்லாவிட்டால், ஐந்தாம் மாடியில் நீங்கள் பற்றறி வைத்தும் பயனில்லை. லிப்டுக்கு மின்பிறப்பாக்கி போடும் நிர்வாகக் குழுவிடம் இதையும் கேட்கலாம். கேட்காமல் எதுவும் நடப்பதில்லை.

இதற்கும் வசதியில்லாதோர் கையிலுள்ள பவர் பாங்கை 12 வோல்ற்றாக உயர்த்தும் கேபிள் ஒன்றால் சமாளிக்கலாம். கரண்ட் போன பின் மாற்றிச் செருக வேண்டும், றவுட்டர் ஒருமுறை அணைந்து எழும், அவ்வளவே. ஒரே ஒழுங்கையில் சுவரோடு சுவராக நாலு வீடு இருக்குமிடத்தில், ஒரு வீட்டின் றவுட்டருக்குப் பற்றறி வைத்து, பரீட்சைக் காலத்தில் மற்ற மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதன் இணைப்பைக் கொடுப்பது நாலு பற்றறி வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம். டேட்டாச் செலவைப் பகிர்ந்துகொண்டால் பிணக்கும் வராது.

பலகைத் தடுப்பு வீடுகளில் ஒரு எச்சரிக்கை. லிதியம் பற்றறியை மெத்தைமேலோ திரைச்சீலையின் கீழோ வைக்காதீர்கள், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். ஊதிப் பெருத்தால் உடனே கழற்றிவிட வேண்டும், குப்பை வண்டியில் போடக் கூடாது. மாதம் ஒருமுறை, மின்சாரம் இருக்கும்போதே அடப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, றவுட்டர் எத்தனை மணித்தியாலம் நிற்கிறதென்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். முதல் மாதத்து நேரத்தில் பாதியாகக் குறைந்ததும் பற்றறியை மாற்றலாம்.