வேர்க்கும் பொம்மை

"ஏண்டா, இதுக்கு வேர்க்குதா?"

போன வருஷம் கொலுவுக்காக அலமாரியை ஒழிச்சப்போ அம்மா கேட்ட கேள்வி. கையில என்னோட பன்னிரண்டு இஞ்ச் சண்டை வீரன். சட்டை போடாத உடம்பு, வரிவரியா வயித்துக் கட்டு, மூட்டே தெரியாத சிலிக்கான் தோல். வாங்கித் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுன்னு எண்ணெய். அதுகூடப் பரவாயில்லை. இடது முழங்கையில அரை இஞ்சுக்குக் கிழிசல், உள்ளேர்ந்து எஃகு எலும்பு பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குது. ஙேன்னு முழிச்சேன்.

மக்களே, நான் பகல்ல ஆணி புடுங்குற, ராத்திரியில பொம்மை சேக்குற சாதாரண பொட்டி தட்டுறவன். இந்தப் பொம்மையை 2023ல வாங்கினேன். விலை முந்நூறு டாலருக்கு மேல. அந்த வருஷ பட்ஜெட்லதான் பொம்மைக்கு சுங்கவரியை 60லேர்ந்து 70 சதவீதம் ஆக்கினாங்க (2020 வரைக்கும் அது வெறும் 20). ஆக, வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தப்போ என்ன ஆச்சுன்னு இங்க எழுதினா தங்கமணி படிச்சுடும் அபாயம் இருக்கு. எந்தக் கம்பெனின்னும் சொல்லப் போறதில்லை. என் புகார் கம்பெனி மேல இல்லை, அந்த யோசனை மேலயே.

யோசனை இதுதான். ஆறில் ஒரு பங்கு அளவுல செய்யுற பொம்மைக்கு முழங்கை, முழங்கால் எல்லாம் மடங்கணும்னா மூட்டு வேணும். மூட்டு வச்சா கோடு தெரியும். முழுக்கை சட்டை போட்ட பாத்திரம்னா பிரச்சினை இல்லை. வெறும் உடம்போட நிக்கிற ஆள்னா திருகாணியும் இடுக்கும் கண்ணை உறுத்தும். அதனால உள்ளே எஃகுல எலும்புக்கூடு, மேல ஒரே வார்ப்பா மெத்துன்னு தோல். கோடு போச்சு! கடையில படம் பார்த்தப்போ நானும் வாயைப் பொளந்தவன்தான்.

இப்ப கொஞ்சம் யோசிங்க. அந்தத் தோல் ஏதோ ஒரு நிலையில வார்க்கப்பட்டது. கையை மடக்குற ஒவ்வொரு தடவையும் வெளிப்பக்கம் இழுபடுது, உள்பக்கம் கசங்குது. திரும்ப நேராகணும்னு அது ஓயாம இழுத்துக்கிட்டே இருக்கும். சிலிக்கான் நாள்பட உழைக்கிற சரக்குதான், வெயிலு சூட்டுக்கெல்லாம் லேசுல அசையாது. ஆனா நகக்கீறல் மாதிரி ஒரு சின்ன வெட்டு விழுந்தாப் போதும், பழைய வேட்டி மாதிரி அங்கேர்ந்து கிழிஞ்சுக்கிட்டே போகும். ஒட்டவும் முடியாது. சிலிக்கான் மேல சிலிக்கான் மட்டும்தான் ஒட்டும். நான் அவசரப்பட்டு சூப்பர் க்ளூ விட்டேன். அது வெள்ளைத் தகடா உறைஞ்சு, அடுத்த நாள் உரிஞ்சு விழுந்துச்சு.

இதே காரணத்தால பெயிண்டும் நிக்காது. நிறத்தை வார்க்கும்போதே கலக்கணும், இல்லைன்னா சிலிக்கான்லயே கரைச்ச நிறமியைப் பூசணும். ஆனா கருப்பு, நீலத் துணியில இருக்கிற சாயம் மட்டும் எப்படியோ உள்ளே இறங்கிடும். என்ன நியாயமோ! அதுக்காகத்தான் சேகரிக்கிறவங்க பொம்மைக்கு டால்கம் பவுடர் போட்டு, ஜீன்ஸுக்கு அடியில பிளாஸ்டிக் தாள் சுத்தி வைக்கிறாங்க. பச்சைக்குழந்தையைக்கூட இவ்வளவு பாத்துக்க மாட்டோம். இதுல இன்னொரு கூத்து, மெத்துன்னு இருந்தா எல்லாத்தையும் 'சிலிக்கான்'னு சொல்லி விக்கிறது. தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர்னு ஒண்ணு இருக்கு. எண்ணெய் கலந்து மெதுவாக்கின ரப்பர் ஜாதி. அதுவும் எண்ணெயைக் கக்கும், சூட்டுல இளகும்.

இதெல்லாம் புதுசா நடக்குறதான்னு பார்த்தா, இல்லவே இல்லை. 1964ல ஹாஸ்ப்ரோ ஜி.ஐ.ஜோவைக் கொண்டுவந்தப்போ, பையன்களை 'பொம்மை வச்சு விளையாடுறவன்'னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னுதான் 'ஆக்‌ஷன் ஃபிகர்'ங்கிற பேரையே வச்சாங்க. 21 இடத்துல அசையும், ஒவ்வொரு மூட்டும் பச்சையாத் தெரியும். மனுஷ உடம்புக்குக் காப்புரிமை வாங்க முடியாதுன்னு கன்னத்துல ஒரு தழும்பு வேற (கட்டைவிரல் நகம் ஒண்ணு தப்பான பக்கம் இருக்கும். முதல்ல தப்பா நடந்து அப்புறம் அதுவே அடையாளமாப் போச்சும்பாங்க). பத்து வருஷம் கழிச்சு, 1974ல, 'குங்ஃபூ கிரிப்'னு மெத்து மெத்துன்னு கை வச்சாங்க. துப்பாக்கியை நிஜமாப் பிடிக்கும். இன்னைக்குப் பழைய பொம்மை விக்கிறவங்ககிட்ட கேளுங்க. 64ல வந்த கெட்டிக் கை அப்படியே இருக்கும், 74ல வந்த மெத்துக் கையில விரல் உதிர்ந்திருக்கும். 1976ல கென்னர் விட்ட ஸ்ட்ரெட்ச் ஆர்ம்ஸ்ட்ராங், ரப்பர் தோலுக்குள்ள சோளப்பாகு ஊத்தினது, அதுவும் இறுகி வெடிச்சு ஒழுகுற கேஸுதான். அம்பது வருஷமா இதே பாடம்.

"சரி மச்சி, பத்து வருஷம் வரலேன்னா என்ன, பார்க்க நிஜமா இருக்குல்ல?"ன்னு ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. இங்கதான் நம்ம தொழில் கொஞ்சம் கைகொடுக்குது.

தோல் தோலா தெரியுறதுக்குக் காரணம், வெளிச்சம் மேற்பரப்புலேர்ந்து மட்டும் திரும்பி வர்றதில்லை. உள்ள இறங்கி, சிதறி, பக்கத்துல எங்கேயோ வெளிய வருது. காதுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சா செவசெவன்னு தெரியுதே, அது. கணினி வரைகலையில இதைச் சுருக்கமாக் கணக்குப் போடுற வழியை ஜென்சன், மார்ஷ்னர், லெவாய், ஹன்ரஹான் நாலு பேரும் 2001ல ஒரு கட்டுரையில எழுதினாங்க. 2002ல வந்த கொல்லம் முகம் பொம்மை மாதிரி தெரியாததுக்கு இந்த வித்தை ஒரு முக்கிய காரணம். 2004ல ஜென்சன், மார்ஷ்னர், ஹன்ரஹான் மூணு பேருக்கும் ஆஸ்கார்காரங்க தொழில்நுட்ப விருதே கொடுத்தாங்க.

அப்ப சிலிக்கானும் அதேதானே செய்யுது? செய்யுது, ஆனா அளவு தப்பு. நிஜத் தோல்ல வெளிச்சம் சில மில்லிமீட்டர் உள்ள போகுதுன்னா, ஆறில் ஒரு பங்கு பொம்மையில அதுவும் ஆறில் ஒரு பங்காத்தான் போகணும். சிலிக்கானுக்கு நம்ம ஸ்கேல் தெரியுமா? அது பாட்டுக்கு முழு ஆழமும் போகும். பொம்மையோட காது ஒரு சென்டிமீட்டர்தான். மூக்கு அதைவிடச் சின்னது. வெளிச்சம் இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்துடும். மூக்கோர நிழல் கரைஞ்சு போய், முகம் மெழுகுவத்தி மாதிரி ஆயிடும். முழு உருவச் சிலைக்கும், சினிமாவுல நடிகர் முகத்துல ஒட்டுற ஒப்பனைக்கும் சிலிக்கான் அற்புதமாப் பொருந்துறது இதனாலதான். அங்க அளவு ஒண்ணுக்கு ஒண்ணு.

கெட்டி பிளாஸ்டிக்ல பெயிண்ட் அடிக்கிறவங்க இதைக் கணக்குப் போடாமலே கையில வச்சிருக்காங்க. ஹாங்காங் ஹாட் டாய்ஸ்ல ஜேசி ஹாங்னு ஒரு ஓவியர். அவர் மேற்பார்வையில வந்த தலைகளைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. கண்ணுக்கடியில லேசா ஊதா, மூக்கு நுனியில ஒரு துளி சிவப்பு, தாடையில பச்சையோடின சவர நிழல். எல்லாம் மேல பூசின பொய். ஆனா சரியான அளவுல சொன்ன பொய். சிலிக்கான் உடம்பு மேல இப்படி ஒரு தலையை மாட்டினா கழுத்துக்கு மேல ஒரு ஆளு, கீழ வேற ஆளு.

தொடுறதைப் பத்தியும் சொல்லணும். மசாஹிரோ மோரி 1970ல எழுதின கட்டுரையில செயற்கைக் கையை உதாரணம் சொல்லுவார். பார்க்க நிஜக் கை மாதிரியே இருக்கும், குலுக்கினா எலும்பில்லாம சில்லுன்னு இருக்கும், அப்பதான் பயமா இருக்கும்னு. பார்சலைப் பிரிச்ச அன்னைக்கு அவன் தோளைப் பிடிச்சப்போ எனக்கும் சட்டுன்னு கையை எடுக்கத் தோணிச்சு. காசு கொடுத்தாச்சேன்னு அதைச் சொல்லிக்கலை.

அதே அலமாரியில பாட்டியோட மரப்பாச்சி ஜோடி இருக்கு. மூட்டும் இல்லை, தோலும் இல்லை, கண்ணு மூக்கு பாதி தேஞ்சாச்சு. அம்மாவோட பாட்டி காலத்துலேர்ந்து வருஷா வருஷம் புதுப் பட்டுத்துண்டு கட்டிக்கிட்டு முதல் படியில நிக்குது.

நம்ம வீரனுக்கு இப்ப கையை நேரா வச்சு, பவுடர் போட்டு, படுக்க வச்சிருக்கேன். மடக்கி வைக்கக்கூடாதாம், அதுக்குத்தான் எஃகு எலும்பு! கிழிசல் தெரியக்கூடாதுன்னு தங்கமணி பழைய கர்ச்சீப்ல ஒரு முழுக்கை சட்டை தைச்சுக் கொடுத்திருக்கா. வெள்ளைத் துணிதான். சாயம் இறங்கிடும்னு நான்தான் சொன்னேன்.