நின்ற ஆண்டுகளுக்குக் கணக்கு வேண்டும்: கடைத் தொழிலாளர் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலத் துறை, வருங்கால வைப்பு நிதியை நடத்தும் ஒன்றிய அரசு, ஜவுளி, நகை, பாத்திரக் கடைகளின் உரிமையாளர்கள், எங்களிடம் பொருள் வாங்கும் பொதுமக்கள்.

சென்னை ரங்கநாதன் தெரு, மதுரை விளக்குத்தூண், திருச்சி சின்னக்கடை வீதி, கோவை ஒப்பணக்கார வீதி என்று தமிழ்நாட்டின் பெரிய கடைத்தெருக்களில் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர்கள் நாங்கள். எங்களில் பலர் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வந்து சேர்ந்தவர்கள்.

இந்த வேலை எங்களுக்குப் பிடித்த வேலை. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் கரையும் உடலும் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தே நெசவின் தரத்தைச் சொல்லிவிடுவோம். கல்யாண ஜவுளி எடுக்க வரும் குடும்பத்தில் யாருடைய சொல் கடைசிச் சொல் என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுகொள்வோம். மணப்பெண் கண்ணாடி முன் நின்று ‘இதுதான்’ என்று சிரிக்கும்போது கிடைக்கும் நிறைவு சம்பளத்தில் சேராதது.

ஆனால் அந்த நிறைவை வைத்து முதுமையைக் கழிக்க முடியாது. நாற்பத்தைந்து வயதில் கால் நரம்பு புடைத்து, இடுப்பு வலித்து, ஊருக்குத் திரும்புகிற எங்கள் அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் இருபது ஆண்டு உழைத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை. எங்கள் திறமைக்கு மதிப்பும், குடும்பத்துக்கு நேரமும், ஓய்வுக்காலத்துக்குப் பணமும் தனித்தனியாகத் தொலையவில்லை. செய்த வேலை எழுத்தில் ஏறாததால் மூன்றும் சேர்ந்தே தொலைகின்றன. இந்தச் சாசனத்தின் எல்லாக் கோரிக்கைகளும் அந்த ஒரு குறையிலிருந்து பிறந்தவை.

வேலை நேரத்திலும் இதே குறைதான். இந்தியாவின் முதல் மே தினம் 1923இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் முன்னின்று கொண்டாடியது, இதே சென்னையில். நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தது, அவ்வாண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதை வரவேற்றோம். ஆனால் எங்கள் கடைகள் பலவற்றில் எந்தத் திருத்தமும் இல்லாமலேயே 12 மணி நேர வேலை இன்றும் நடக்கிறது.

எனவே நாங்கள் கோருவது:

1. பணியாணையும் சம்பளச் சீட்டும். வேலைக்குச் சேரும் நாளிலேயே சேர்ந்த தேதி, பதவி, சம்பளம் எழுதிய பணியாணை தர வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பிடிப்பது எவ்வளவு என்பது மாதாமாதம் சீட்டில் தெரிய வேண்டும். ஆண்டுதோறும் கணக்கு முடித்ததாகக் கையெழுத்து வாங்கி, மறுவாரம் புதிய ஆளாகச் சேர்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

2. எட்டு மணி நேரம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது. கடை ஷட்டர் இறங்கிய பிறகு புடவை மடிப்பதும் இருப்பு எண்ணுவதும் வேலைதான்; அந்த நேரமும் வருகைப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

3. வார விடுமுறையும் விழா விடுமுறையும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறக்க 2019இல் அரசு அனுமதித்தபோது, ஒவ்வொருவருக்கும் முறைவைத்து வாரம் ஒரு நாள் விடுமுறை என்பதையும் நிபந்தனையாக்கியது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி மாதங்களில் அந்த நிபந்தனை காற்றில் போகிறது. ஊருக்கெல்லாம் தீபாவளித் துணி எடுத்துக் கொடுத்துவிட்டு, பண்டிகை முடிந்த பிறகு சொந்த ஊருக்குப் பஸ் ஏறுகிறோம். அந்த மாதங்களில் இழக்கும் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஈடாகச் சம்பளத்துடன் வேறொரு நாள் தர வேண்டும். இன்று யாருக்கு விடுமுறை என்ற பட்டியல் ஊழியர் கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும்.

4. உட்காரும் உரிமை. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தருவதைச் சட்டமாக்கின. நாற்காலி பல கடைகளுக்கு வந்துவிட்டது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பதும் சேர்ந்து வந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்ததற்காகவோ கழிவறைக்குப் போனதற்காகவோ யாரையும் கண்டிக்கவும் அபராதம் போடவும் கூடாது. ஆய்வாளர்கள் நாற்காலிகளை எண்ணுவதோடு நிற்காமல், ஊழியர்களிடம் தனியே விசாரிக்க வேண்டும்.

5. விடுதியும் வாழ்வும். வேலை முடிந்த பின் எங்கள் நேரம் எங்களுடையது. விடுதியில் இருப்பவர் வெளியே போகவும், வீட்டாரைப் பார்க்கவும், மாலைநேரப் படிப்பில் சேரவும் கடையின் அனுமதி தேவைப்படக் கூடாது. பெண்கள் விடுதிகள் 2014ஆம் ஆண்டின் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவாக வேண்டும். திருமணமானதும் வேலையை விட்டு நிற்க வேண்டும் என்ற எழுதாத விதி போக வேண்டும். பெண்களின் பணிக்காலம் பெரும்பாலும் அங்கேதான் அறுபடுகிறது.

6. அனுபவத்துக்குப் படிநிலை. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே கவுன்டரில், ஏறத்தாழ ஒரே சம்பளத்தில் நிற்பது அநீதி. 3, 7, 12 ஆண்டுகள் முடிந்தவர்களுக்குப் பதவி உயர்வும் ஊதிய உயர்வும் தரும் படிநிலையை உரிமையாளர்கள் எங்களோடு பேசி உருவாக்க வேண்டும்.

7. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வேலை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் 58 வயதில்தான். 50 வயதிலிருந்தே வாங்கலாம். ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும். நிற்க முடியாதவர்களைக் கடைகள் அதற்கும் முன்பே கழித்துவிடுகின்றன. பில் போடுவது, சரக்கின் தரம் பார்ப்பது, புதியவர்களுக்குத் தொழில் கற்றுத் தருவது எல்லாம் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகள். அவற்றில் மூத்தவர்களுக்கே முன்னுரிமை வேண்டும்.

8. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) கட்டாயம். பல மாடிக் கடையிலும் ஒரு பகுதி ஆட்களைக் கணக்கில் காட்டாமல் விடுவது எங்களுக்குத் தெரியும்; ஆய்வுக்கு வருபவர்கள் மாடி மாடியாக ஏறி எண்ணட்டும். ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். கடை மாறும்போது பழைய கணக்கு எண்ணோடு புதியதை இணைக்காவிட்டால், ஐந்தும் ஆறுமாக உழைத்த பதினோரு ஆண்டு, இரண்டு துண்டாகக் கிடந்து பயனற்றுப் போகும். இணைத்துத் தருவதைக் கடையின் பொறுப்பாக்க வேண்டும். பணிக்கொடைக்கு ஐந்தாண்டுத் தொடர்பணி போதும். 12,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் 15 ஆண்டு வேலை செய்தவருக்குச் சேர வேண்டியது 1,03,846 ரூபாய். பணியாணை இல்லாதவர் இதை எங்கே போய்க் கேட்பார்?

9. வாழத்தக்க ஓய்வூதியம். குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தது 2014 செப்டம்பரில். ஓய்வூதியத்துக்கான சம்பள வரம்பு 15,000 ரூபாய் என்றானதும் அப்போதுதான். அந்த வரம்பை எட்டியவர் 20 ஆண்டு உழைத்தாலும் கிடைப்பது சுமார் 4,714 ரூபாய். 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் 15 ஆண்டு நின்றவருக்குச் சுமார் 2,571 ரூபாய். வீட்டு வாடகைக்கே போதாத தொகை இது. குறைந்தபட்சம் 7,500 ரூபாயும் பஞ்சப்படியும் வேண்டுமென்று ஓய்வூதியர்கள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கை எங்களுடையதும்தான்.

எங்கள் தரப்பு உறுதி. உரிமை கேட்பவர்களுக்குக் கடமையும் உண்டு. வேலையை விடும்போது அவசரத்துக்கு ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடாமல், பணிக்காலத்தைக் காப்பாற்றும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைப்போம். எங்கள் பி.எஃப். கணக்கை நாங்களே கைப்பேசியில் பார்க்கப் பழகுவோம். பக்கத்துக் கவுன்டரில் நிற்கும் தம்பி தங்கைக்கும் கற்றுத் தருவோம். வருகை நேரத்தைச் சொந்த நோட்டில் எழுதி வைப்போம்.

உரிமையாளர்களே, உங்களில் பலர் தலையில் துணி மூட்டை சுமந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் என்பதை அறிவோம். அதனால்தான் அண்ணாச்சி என்று உரிமையோடு அழைத்துக் கேட்கிறோம்: மேசைக்கு வாருங்கள், பேசுவோம்.

அரசுகளே, இதில் பெரும்பாலானவை நீங்கள் ஏற்கெனவே இயற்றிய சட்டங்கள். நடைமுறைப்படுத்துங்கள்.

பொதுமக்களே, கடை மூடும் நேரத்தில் உள்ளே வந்து நூறு புடவை விரிக்கச் சொல்லாதீர்கள். உங்களுக்கு எடுத்துக் காட்டுபவரிடம் ‘பி.எஃப். பிடிக்கிறார்களா, லீவு உண்டா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்க வருபவர் கேட்டால் கடை பதில் சொல்லும்.