ரெக்கார்டு பிளேயரின் கைக்கு எண்ணெய் தேவையா?

திருப்பூரில் ஊசிக்கு எண்ணெய் எதற்கு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிட்டிங் மெஷினில் உராய்வு குறைய எண்ணெய். அளவு மிஞ்சினால் துணியில் கறை. ரெக்கார்டு பிளேயரில் கதை தலைகீழ்! ஊசியைத் தாங்கும் கைக்கு (டோன் ஆர்ம்) வைக்கும் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய், அசைவைத் தடுக்கத்தான். அது இருந்தால்தான் நல்ல பிளேயர் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அது சரியல்ல.

கார்ட்ரிஜில் ஊசி பொருந்திய நுண்தண்டு ஸ்பிரிங் மாதிரி. கை அதன் மேல் உள்ள பாரம். இரண்டும் சேர்ந்தால் தானாக ஆடும். அந்த ஆட்டம் நொடிக்கு 8 முதல் 12 முறை என்றால் நல்லது. தட்டின் வளைவு அதற்குக் கீழே, பாட்டு 20க்கு மேலே.

ஊசி உணரும் எடை கார்ட்ரிஜோடு 18 கிராம், கார்ட்ரிஜின் நெகிழ்வு எண் 15 என்றால் ஆட்டம் கிட்டத்தட்ட 10. எண்ணெய் வேண்டாம். நெகிழ்வு 30 என்றால் 7க்குக் கீழே இறங்கிவிடும். வெயிலில் வளைந்த பழைய தட்டில் ஊசி துள்ளும், பள்ளம் தேயும். மறுபடி அச்சாகாத தட்டென்றால் போனது போனதுதான்.

அங்கே எண்ணெய் உதவும். ஆனாலும் பொருத்தமான கார்ட்ரிஜ்தான் முதல் மருந்து. இங்கிலாந்தின் எஸ்எம்இ கூட 3009 கைக்கு எண்ணெய்த் தொட்டியைத் தனியாகத்தான் விற்றது. 1979ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2வில் அது கிடையாது.

எண்ணெய் மிஞ்சினால் கை மந்தமாகி, வளைவின் மேடுபள்ளம் முழுவதும் ஊசியின் தலையில் விழும். இங்கே கறை துணியில் அல்ல, பாட்டில்!