ஜன்னலோரத்தில் உட்கார்ந்த வாலிபன்



திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சபைகளில் ஜெபத்திற்கு வரும் பெற்றோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, மகன் கதவைச் சாத்திக்கொண்டு ஆன்லைனில் படிக்கிறேன் என்கிறான். வகுப்பு ஒரு பக்கம் ஓடுகிறது, அவன் மனம் வேறு பக்கம் ஓடுகிறது. போனை வாங்கி வைத்துவிடட்டுமா?" கேட்கிறவர் பெரும்பாலும் சாலைக் கடைவீதியில் பகலெல்லாம் நின்று உழைக்கிறவர்; குமரி மாவட்டத்திலிருந்தோ நெல்லையிலிருந்தோ பிழைப்புக்காக இங்கே வந்தவர். கடன் வாங்கிக் கட்டிய கல்லூரிக் கட்டணம் வீணாகிவிடுமோ என்ற அவருடைய பயம் நியாயமானதே.

ஆனாலும் இன்றைக்குப் போனை வாங்கி வைப்பது புத்தகப் பையை வாங்கி வைப்பதற்குச் சமம். கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி விடுதி ஒன்றில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவிகள் செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி இருந்தது. அதற்கு இணங்காத மாணவி விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையோடு சேர்ந்ததே என்று தீர்ப்பளித்து, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிற்று. அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. 2020 ஜூன் 1ஆம் தேதி கேரளத்தில் கல்லூரி வகுப்புகள் இணையத்திலும், பள்ளி வகுப்புகள் விக்டர்ஸ் தொலைக்காட்சியிலும் தொடங்கின. தொலைக்காட்சிப் பெட்டியை வீட்டுக்குள் விடமாட்டோம் என்று வைராக்கியமாய் இருந்த நம் குடும்பங்கள் பாடத்திற்காகப் பிறருடைய வீட்டுக் கதவைத் தட்டும் நிலைமை உண்டாயிற்று. அந்த வைராக்கியத்தை நான் குறை சொல்லவில்லை. எதைத் தள்ளுகிறோம், எதற்காகத் தள்ளுகிறோம் என்பதை அறிந்து தள்ளவேண்டும் என்கிறேன்.

கொரோனா போய்விட்டது, ஆன்லைன் படிப்பு போகவில்லை. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் படிக்கும் பாடங்களை ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை கல்லூரிகள் ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி செய்தது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்பிடெல் பாடங்கள் நம் பிள்ளைகளின் கைக்குள் வந்திருக்கின்றன. பெயர் பதிவுசெய்வது எளிது, முடிப்பது கடினம். ஹார்வர்டு, எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்கள் 2012 முதல் 2018 வரை நடத்திய இணைய வகுப்புகளை ஆராய்ந்து பார்த்தார்கள். பதிவுசெய்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லை. 2017-18இல் முடித்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர். பெரிய ஆசிரியர்கள், நல்ல பாடங்கள், இருந்தும் இப்படி.

துரோவா பட்டணத்து மேல்வீட்டை நினைத்துப் பாருங்கள் (அப். 20:7-12). பேசுகிறவர் பவுல் அப்போஸ்தலன். அநேக விளக்குகள் எரிந்தன, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பிரசங்கம் நடுராத்திரி மட்டும் நீடித்தது. ஐத்திகு என்னும் வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்து, தூக்கத்தினால் சாய்ந்து, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான். பிரசங்கத்தில் தூங்குகிறவர்களுக்கு எச்சரிப்பாக இந்தப் பகுதியை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். (பிரசங்கம் நீண்டதைப் பற்றி நாங்கள் போதகர்கள் பேசுவதில்லை!) ஆனால் வேதம் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவன் ஓரத்தில் இருந்தான். விழுகிறவரைக்கும் அவன் தூங்குவதை யாராவது கவனித்ததாக வேதத்தில் இல்லை. பவுல் பேச்சை நிறுத்தி, கீழே இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார்.

ஆன்லைன் வகுப்பில் ஒவ்வொரு மாணவனும் ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். கேமராவை அணைத்துவிட்டால் அவன் விழுந்ததும் ஆசிரியருக்குத் தெரியாது. ஜூம் வழியாக ஆராதனை நடத்திய போதகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாற்பது கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பிரசங்கித்தோம், எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைக் கர்த்தர் அறிவார்.

அவனை விழித்திருக்கச் செய்வது எது? 2013இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்றில், 21 நிமிடப் பாட வீடியோ ஒன்றை நான்கு பகுதிகளாகப் பிரித்து மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சில மாணவரிடம் அந்தப் பகுதியைப் பற்றிச் சிறு கேள்விகள் கேட்டார்கள், மற்றவர்களிடம் கேட்கவில்லை. கேள்வி கேட்கப்பட்டவர்களின் மனம் அலைவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அவர்கள் குறிப்பும் அதிகமாக எழுதினார்கள். இறுதித் தேர்வைக் குறித்த பதற்றமும் அவர்களுக்குக் குறைந்திருந்தது. கேட்பார்கள் என்று தெரிந்தவன் கவனிக்கிறான்.

"எனக்கு அந்தப் பாடம் தெரியாதே, ஐயா" என்பீர்கள். தெரியவேண்டியதில்லை. கடை அடைத்து வந்த பிறகு பத்து நிமிடம் மகனுக்கு எதிரே உட்காருங்கள். "இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்" என்று கேளுங்கள். படித்ததை நோட்டைப் பாராமல் சொல்லும்போதுதான் அது மனதில் பதிகிறது. எங்கே தடுமாறுகிறானோ அந்த இடத்தில் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்க்கட்டும். தமிழ்வழியில் படித்து, இங்கே மலையாளமும் ஆங்கிலமும் கலந்த வகுப்பறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய கிருபை: பதிவுசெய்த பாடத்தை நிறுத்தலாம், மறுபடி கேட்கலாம், சிரிக்கிறவர் யாருமில்லை. என்பிடெல் பாடங்களில் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

சபை மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒற்றை அறை வீட்டில் மூன்று பிள்ளைகளோடு வாழும் குடும்பத்தில், படிக்கிற பிள்ளைக்கு அமைதியான மூலை எங்கே கிடைக்கும்? வாரநாள் மாலைகளில் நம் ஜெப ஆலயங்கள் பூட்டிக் கிடக்கின்றன. மின்விசிறியும் இணைய இணைப்பும் இருந்து, மேற்பார்வைக்கு ஒரு சகோதரனோ சகோதரியோ இருந்தால் போதும். நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள்.

சில வீடுகளில் பிள்ளை பல வாரங்களாகப் பாடத்தைத் திறக்கவே இல்லை என்பது பின்னால்தான் தெரியவரும். பயத்தினால் மறைத்திருப்பான். அன்றைக்குச் சத்தம் போடாதிருங்கள். எந்த வாரத்தில் விட்டாய் என்று மாத்திரம் கேளுங்கள். என்பிடெலில் மதிப்பெண் 100இல் 75 நேரில் எழுதும் தேர்வுக்கு, 25 வாராந்தரப் பயிற்சிகளுக்கு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளையே கணக்கில் எடுக்கிறார்கள். நாலு வாரம் விட்டவனுக்கும் இன்னும் வாசல் அடைபடவில்லை. ஜெபித்துவிட்டு, ஐந்தாம் வாரப் பயிற்சிக்குக் கடைசித் தேதி என்னவென்று அவனோடு உட்கார்ந்து இன்றிரவே பாருங்கள்.