ஊதாவா, சிவப்பா? கைக்குத்தான் தெரியும்!

கல்லூரியில் நுண்ணுயிர்ப் பாடம் படிக்கப் போகிறவர்களுக்குச் சோதனைக்கூடத்தில் முதல் பாடம் என்ன தெரியுமா? கை கழுவுவது! சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அடுத்தது "கிராம்" சாயச் சோதனை. டென்மார்க் டாக்டர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் வெளியிட்ட முறை இது. கண்ணாடித் துண்டில் கிருமியைத் தடவி, லேசாக நெருப்பில் காட்டி, ஊதாச் சாயம் ஊற்றுவார்கள். பிறகு அயோடின். பிறகு ஆல்கஹால். கடைசியில் சிவப்புச் சாயம். (இது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.) மைக்ராஸ்கோப்பில் 1,000 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், தடித்த சுவர் உள்ள கிருமி ஊதாவாகத் தெரியும். மெல்லிய சுவர் உள்ளது இளஞ்சிவப்பாகத் தெரியும்.

புத்தகத்தில் இது நாலு வரி. பரீட்சையில் ஒப்பித்துவிடலாம். ஆனால், ஆல்கஹால் சில விநாடி கூடினால் போதும். ஊதாக் கிருமியும் வெளுத்து, சிவப்பு வேஷம் போட்டுவிடும்! அந்த விநாடிக் கணக்கு கைக்குத்தான் பழகும்.

நடப்பது என்ன? சில கல்லூரிகளில் ஒருவர் செய்கிறார். மற்றவர்கள் எட்டிப் பார்த்து, நோட்டில் படம் வரைகிறார்கள். செலவு மிச்சமாம்!

நாளை இவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் நோயாளியின் சளியைச் சோதிப்பார். கிருமியை வளர்த்துப் பார்க்க ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் மருந்து தொடங்க வேண்டிய டாக்டருக்கு இந்த நிறம்தான் வழிகாட்டி. நிறம் தவறினால் மருந்தும் தவறலாம்.

ஆளுக்கு ஒரு கண்ணாடித் துண்டு கொடுக்க வேண்டும். முதல் தடவை கெட்டுப்போகும். போகட்டும்! இரண்டாம் தடவை செய்ய நேரமும் கொடுக்க வேண்டும்.