மறைந்தவரின் பெயரைச் சரியாக எழுதுவிப்போம்

எம்மவர் வீடொன்றில் மரணம் நிகழ்ந்தால் ஊரே திரண்டு வருகிறது. எட்டுச் செலவும் அந்தியேட்டியும் குறைவின்றி நடக்கின்றன. ஆனால், மறைந்தவரின் பெயரை அரச பதிவேட்டில் எழுதுவிக்கும் கடமை மட்டும், ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒருவரின் தலையில் அவசரமாகச் சுமத்தப்படுகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரணத்தை 5 நாட்களுக்குள் பதிதல் வேண்டும். 2024 செப்டெம்பர் 9 முதல், மரண விசாரணை அதிகாரியிடம் செல்லாத ஒவ்வொரு மரணத்தின் காரணத்தையும் மருத்துவப் பரிசோதகர் ஒருவர் ஆராய்கிறார். அவர் பதிவாளருக்கு அறிவித்த பின்னரே அத்தவணை தொடங்குகிறது. ஸ்கொட்லாந்தில் தவணை 8 நாட்கள்.

தவணையைவிடப் பெயரே எமக்குப் பெருஞ்சிக்கல். எம்மிடம் குடும்பப் பெயர் என்றொன்று இல்லை. தந்தையின் கடைசிப் பெயர் ஒன்றாகவும், தாய் பிள்ளைகளின் கடைசிப் பெயர் வேறாகவும் ஒரே வீட்டில் நிற்கின்றன. காணி உறுதியில் ஒருவிதம், கடவுச்சீட்டில் இன்னொருவிதம், அகதி விண்ணப்பத்தில் வேறொருவிதம். உயிரோடிருக்கையில் "நானே அவர்" என்று வந்து சொல்லலாம். இறந்தபின் தாள் மட்டுமே பேசும். அது பிழையாகப் பேசினால் மனைவியின் ஓய்வூதியம் தடைப்படலாம். ஊர்க்காணி நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபடலாம்.

மறைந்தவர் வேறு பெயர்களாலும் அறியப்பட்டிருந்தால் அவற்றையும் சேர்த்துப் பதியுமாறு பதிவாளரிடம் கேட்கலாம். ஒப்பமிடுமுன் எழுத்தெழுத்தாக வாசித்தல் அவசியம். பின்னர் திருத்தலாம் எனினும் முதற்பிழை அழியாது. திருத்தம் ஓரக்குறிப்பாகவே ஏறும். அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதிகள் சிலவற்றை அன்றே பெறுதல் நன்று. நிழற்பிரதியை ஏற்காத நிறுவனங்கள் பல.

அகதி விண்ணப்பம் மறைந்தவரின் பெயரிலும், மனைவி பிள்ளைகள் அதிற் சார்ந்தும் இருப்பின், தாமதியாது சட்டத்தரணியை நாடவேண்டும். இலங்கைப் பிரசையின் மரணத்தைத் தூதரகத்திலும் பதியலாம். ஆனால், அவ்வாசலை மிதிக்க அஞ்சும் குடும்பங்கள் உண்டு. அவர்களும் முதலில் சட்ட ஆலோசனை பெறட்டும்.

இருக்கும்போதே இவற்றைப் பேசுவது அபசகுனமன்று. முதியோர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும், அவர்தம் பெயர் எழுதப்பட்ட எல்லா வடிவங்களும் ஒரு தாளிற் குறிக்கப்பட்டுக் கடவுச்சீட்டோடு இருக்கட்டும். கோயில்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே: மலர்வளையத்தோடு வருவோரில் விவரமறிந்த ஒருவர், அந்தப் பிள்ளையோடு பதிவாளர் அலுவலகத்துக்கும் செல்லட்டும்.