வலையைக் கீழே வையுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் உள்ள கண்ணாடித் தொட்டியின் முன்னால் வீட்டுக்காரர் நிற்கிறார். சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டப்பட்டிருக்கிறது. கையில் ஒரு சிறு வலை. தொட்டியில் உப்பு நீர், நீருக்குள் பாறைகள், பாறைகளுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு கறுப்பு மீன். அதன் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. உடலின் இரு பக்கமும் ஒவ்வொரு பொட்டு.

அந்த மீனைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் காரியம்.

வலை வலப் பக்கம் போனால் மீன் இடப் பக்கம் போகிறது. வலை இடப் பக்கம் வந்தால் மீன் பாறைப் பொந்துக்குள் மறைகிறது. அரை மணி நேரம் ஆகிவிட்டது. தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

"என்னங்க, இன்னுமா அகப்படவில்லை? கடலிலே படகு படகாகப் பிடித்துக்கொண்டு வருகிறார்களே!" என்று சமையலறையிலிருந்து குரல் வருகிறது.

வேடிக்கையான காட்சிதான். ஆனால் தொட்டிக்குள் இருக்கும் ஜீவன்களுக்கு இது வேடிக்கை அல்ல, பிராண சங்கடம்! கடல் மீனை ஆசையோடு வாங்கி வளர்க்கிறவர்கள், அதைப் பிடிக்க வேண்டிய நாள் வந்ததும் முதலில் எடுப்பது வலையைத்தான். கடைசியில் எடுக்க வேண்டியதும் அதுதான்.

ஏன் பிடிக்க வேண்டும்?

"வளர்க்கிற மீனை எதற்காகப் பிடிப்பது?" என்று சிலர் கேட்கலாம். முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, போக்கிரித்தனம். மேலே சொன்ன பொட்டு மீனுக்கு டாமினோ டாம்செல் என்று பெயர். விலை மலிவு, எதையும் தாங்கும். ஆகவே புதுத் தொட்டிக்கு முதல் குடித்தனமாக இதையே பலர் வாங்கி விடுகிறார்கள். சின்னஞ்சிறு குஞ்சாக இருக்கும்போது பரம சாது. வளர வளரத் தொட்டி முழுவதும் தனக்கே சொந்தம் என்கிறது. ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் வரை வளரக் கூடிய மீன் அது. பின்னால் வந்த மீன்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கிறது. அவை மூலையில் ஒதுங்கி, இரையெடுக்கப் பயந்து, பட்டினியால் மடிகின்றன.

மற்றொன்று, நோய். கடல் மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் என்று ஒன்று வருவதுண்டு. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஓர் ஒட்டுண்ணியின் வேலை அது. இதற்குத் தாமிரம் சேர்ந்த மருந்து கொடுக்கிறார்கள். ஆனால் தாமிரம் பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம். ஆகவே எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் செய்ய வேண்டும். பெரிய தொட்டியைப் பத்துப் பதினொரு வாரம் மீனே இல்லாமல் விட்டு வைத்தால், தங்க உடம்பு கிடைக்காமல் ஒட்டுண்ணி அழிந்து போகும். ஒரே ஒரு மீன் பாறைக்குள் பதுங்கி விட்டாலும் பட்ட பாடெல்லாம் வீண்!

துரத்தினால் என்ன கெடும்?

மீனின் உடம்பைத் தொட்டால் வழவழவென்று இருக்கிறது அல்லவா? அந்த வழவழப்புத்தான் அதன் கவசம்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனின் இரத்தத்தில் உப்பு அதைவிட மிகக் குறைவு. இதனால் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. இழந்ததை ஈடு செய்ய மீன் கடல் நீரைக் குடித்து, மிகுதி உப்பை வெளியே தள்ளுகிறது. தண்ணீருக்குள்ளேயே இருந்தும் தாகத்தோடு போராடும் பிராணி அது! வலையில் உராய்ந்து வழவழப்பும் செதிலும் போய்விட்டால், நீர்க் கசிவும் கூடும். கிருமிக்கும் வழி திறந்துவிடும்.

இன்னும் இருக்கிறது. ஏஞ்சல் மீனுக்குக் கன்னத்தில் முள். சர்ஜன் மீனுக்கு வால் அடியில் கத்தி போன்ற முள். இவை வலைக் கண்ணியில் சிக்கிக்கொண்டால், விடுவிப்பதற்குள் துடுப்பு கிழிகிறது. பேத்தை மீனை நீருக்கு மேலே தூக்கினால், அது பயத்தில் காற்றை விழுங்கி உப்பிவிடும்; பிறகு காற்றை வெளியேற்ற முடியாமல் மிதந்து தவிக்கும். துரத்தும்போது பாறை சரிந்து கண்ணாடி உடையலாம். கலங்கிய மீன் தொட்டியை விட்டுத் தாவித் தரையில் விழலாம்.

வாசலைத் திறந்து வையுங்கள்

அப்படியானால் எப்படித்தான் பிடிப்பது? மீனை நாம் துரத்தக் கூடாது. மீன் தானாக வர வேண்டும். இதுதான் இரகசியம்.

கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டி ஒன்று போதும். ஒரு பக்கம் மேலிருந்து கீழே இறங்கும் கதவு. கதவில் ஒரு நூல். பெட்டியைத் தொட்டிக்குள் இறக்கி, கதவைத் திறந்தபடியே கட்டி வைக்க வேண்டும். முதல் நாளே பிடிக்க முயலக் கூடாது. மூன்று நான்கு நாள், அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இரை போட வேண்டும். புதுப் பொருளைக் கண்டு மிரண்ட மீன், மெல்ல எட்டிப் பார்க்கும், பிறகு நுழையும், பிறகு அதுவே தன் சாப்பாட்டு அறை என்று நினைத்துக்கொள்ளும். அதன்பின் ஒரு நாள், வேண்டிய மீன் உள்ளே இருக்கும்போது நூலை விட்டால் கதவு இறங்கிவிடும். வேறு மீன் நுழைந்தால் பேசாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு தடவை கதவை இறக்கிவிட்டால், பிடிக்க வேண்டிய மீன் அதைப் பார்த்து எச்சரிக்கை ஆகிவிடும்!

பிடிபட்ட மீனை வலையால் எடுக்காமல், தண்ணீரோடு சேர்த்தே வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். சிங்க மீனாக இருந்தால் கை பக்கத்திலேயே போகக் கூடாது. அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டு.

பெட்டிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பவர்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகிப் பொறி செய்துகொள்ளலாம். நீர் ஓடுவதற்குத் துளைகள் போட வேண்டும். வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்க வேண்டும். பொறியை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடக் கூடாது. உள்ளே அகப்பட்ட மீன் நெடுநேரம் அடைபட்டால் மூச்சு முட்டிச் சாகும்.

இரவும் நமக்குத் துணை. பல மீன்கள் ஒரே பொந்தில்தான் தினமும் தூங்குகின்றன. மங்கிய சிவப்பு வெளிச்சத்தை அவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. எந்தக் கல்லில் தூங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், அந்தக் கல்லையே மெதுவாக மீனோடு ஒரு பாத்திரத்துக்கு மாற்றிவிடலாம்.

"இதற்கெல்லாம் நாள் ஏது? பாறைகளை எடுத்துவிட்டால் ஒரு மணியில் முடிந்துவிடுமே!" என்பார்கள். நோய் முற்றிய அவசரத்தில் அதுவும் சரியே. அப்போதும் பாறைகளைத் தொட்டி நீர் நிரம்பிய வாளிகளில் வைத்து, நீர் மட்டத்தைக் குறைத்து, இருவராகச் சேர்ந்து மீனைப் பாத்திரத்துக்குள் ஒதுக்க வேண்டும். ஆனால் மற்ற நாளில், நான்கு நாள் பொறுக்க முடியாதவருக்குக் கடல் மீன் எதற்கு?

கடலிலும் இதே அவசரம்

இந்த அவசரம் வீட்டில் பிறந்ததல்ல. அலங்காரக் கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடிக்கப்படுகிறவையே. பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1960-களில் சயனைடு விஷத்தைப் பவளப் பாறைக்குள் பீச்சி, மயங்கிய மீனை அள்ளும் முறை தொடங்கியது. மீனும் நலிந்தது, பவளமும் செத்தது. சட்டம் தடுத்தும் அந்தப் பழக்கம் அடியோடு ஒழியவில்லை. தடுப்பு வலை கட்டிப் பொறுமையாகப் பிடிக்கிற முழுக்காளிகளும் உண்டு. அவர்கள் பிடிக்கும் மீன்தான் வீட்டுக்கு வந்தும் நன்றாக வாழ்கிறது.

நம் நாட்டு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், கோமாளி மீனையும் சில டாம்செல் வகைகளையும் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள். மண்டபத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. கிடைக்கும் இடத்தில் அத்தகைய மீனை வாங்குவதே நல்லது.

பிடித்த மீனைக் கடலில் விட்டுவிடுவது புண்ணியம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெரும் பிழை. நம் பக்கத்துக் கடலைச் சேர்ந்த சிங்க மீன் 1985-ம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா கடலோரத்தில் தென்பட்டது. தொட்டியில் வளர்த்தவர்கள் விட்டதே காரணம் என்று கருதப்படுகிறது. பின்னர் அது கரிபியக் கடல் முழுவதும் பெருகி, அங்குள்ள சிறு மீன்களை விழுங்கி வருகிறது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுப்பதே முறை.

ஆகவே மீன் வாங்கக் கடைக்குப் போகிறவர், "என்ன விலை?" என்று கேட்பதற்கு முன் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: "இதை நாளை வெளியே எடுக்க நேர்ந்தால் எப்படி எடுப்பேன்?" பதில் இல்லையென்றால், அன்றைக்குப் பெட்டியை மட்டும் வாங்கி வரட்டும், மீன் அடுத்த வாரம் வரலாம்.

கூடத்தில் நிற்கும் வீட்டுக்காரருக்கும் இதுவே யோசனை. வலையைக் கீழே வைத்துவிட்டு, தரையைத் துடைத்துவிட்டு, காப்பி சாப்பிடப் போகலாம். வியாழக்கிழமைக்குள் பொட்டு மீன் தானாகவே வாசல் தேடி வரும்.